இருபது கிலோ விதைக்குள் என்ன இருக்கிறது

மண்ணை வளப்படுத்த, பல விதைகளைக் கலந்து விதைத்து மடக்கி உழுகிற பலதானியம் விதைக்கப் போகிறேன், லிஸ்ட் கொடுங்கள் என்று யார் வந்தாலும், அடுத்து என்ன வெள்ளாமை என்றுதான் நான் முதலில் கேட்பேன். சிலருக்கு அது எரிச்சலாக இருக்கும். லிஸ்ட் ஊருக்கே தெரியும், எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டு எதற்கு இத்தனை கேள்வி என்று முகத்திலேயே எழுதியிருக்கும். ஈரோடு, கரூர் பக்கம் இயற்கை விவசாயிகளோடு களப்பணியாளனாக வேலை பார்க்கிறவன் நான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி விதை தானாகவே முடிவாகிவிடும் என்பது என் அனுபவம்.

லிஸ்ட் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பிய முறை இது. தானியம், பயறு, எண்ணெய்வித்து, பசுந்தாள் உரப் பயிர், நறுமணப் பயிர் என ஐந்து வகை, வகைக்கு நான்கு, மொத்தம் இருபது விதை. ஏக்கருக்குச் சோளம் ஒரு கிலோ, கம்பு அரை கிலோ, தினையும் சாமையும் கால் கால் கிலோ, உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை ஒவ்வொரு கிலோ, எள் அரை கிலோ, நிலக்கடலை, சூரியகாந்தி, ஆமணக்கு இரண்டிரண்டு கிலோ, தக்கைப்பூண்டும் சணப்பும் இரண்டிரண்டு கிலோ, நரிப்பயறு அரை கிலோ, கொள்ளு ஒரு கிலோ, கடுகு அரை கிலோ, வெந்தயமும் சீரகமும் கால் கால் கிலோ, கொத்தமல்லி ஒரு கிலோ. கூட்டினால் சரியாக 20 கிலோ வரும். விதைத்து 50, 60 நாளில் பூக்கிற சமயம் மடக்கி உழ வேண்டும். வருடக்கணக்கில் ரசாயன உப்பு உரம் கொட்டி இறுகிப்போன செம்மண் இதனால் பொலபொலவென்று ஆனதை நேரில் பார்த்தவன் என்பதால், இந்த முறை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. யூரியாவை நிறுத்துகிற தைரியம் எத்தனையோ பேருக்கு இதிலிருந்துதான் வந்தது.

ஆனால் எல்லா நிலத்துக்கும், எல்லா பட்டத்துக்கும், அதாவது விதைப்புப் பருவத்துக்கும், அதே இருபது கிலோவை அப்படியே தூக்கிப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் எடையைக் கொஞ்சம் மறந்துவிட்டு விதையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயிரம் எள் ஏறக்குறைய 3 கிராம்தான் இருக்கும். அப்படியானால் அரை கிலோ எள்ளில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் விதை. ஒரு ஏக்கரை 4,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் சதுர மீட்டருக்கு 40 எள் விழுகிறது. கடுகும் கிட்டத்தட்ட அதே கணக்கு. தக்கைப்பூண்டு இரண்டு கிலோவில் லட்சம் விதை, சதுர மீட்டருக்கு 25. இந்தப் பக்கம் ஆமணக்கைப் பாருங்கள், இரண்டு கிலோ போட்டும் சதுர மீட்டருக்கு இரண்டுகூடத் தேறாது. நிலக்கடலை இன்னும் குறைவு. மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கை இந்த இரண்டும் எடுத்துக்கொள்கின்றன, விலையிலும் நல்ல பங்கு போகிறது, ஆனால் வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரியும். தட்டைப்பயறும் அப்படித்தான். அப்புறம் முப்பது நாள் தாண்டிவிட்டால் தக்கைப்பூண்டும் சணப்பும் சோளமும் தலைக்கு மேலே போய்விடும், சாமையும் கொத்தமல்லியும் நிழலில் வெளுத்து நூல் மாதிரி கிடக்கும். இருபது விதை போட்டோம் என்று சொல்கிறோம், உண்மையில் அந்த நிலத்தை ஆள்வது ஐந்தாறு செடிதான். அந்த ஐந்தாறு எது என்பதை விதை தற்செயலாக முடிவு செய்வதைவிட நாம் முடிவு செய்வது நல்லது.

இரண்டாவது விஷயம் பட்டம். கொத்தமல்லி, வெந்தயம், கடுகு, கொண்டைக்கடலை எல்லாம் குளிர்ச்சி கேட்கிற பயிர்கள். ஐப்பசி, கார்த்திகையில் போட்டால் சரி. சித்திரை வெயிலில், கோடை மழையை நம்பிப் போட்டால் முளைத்து நான்கு இலை விட்டு நின்றுவிடும். சீரகத்தை நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதே இல்லை. குஜராத், ராஜஸ்தான் பக்கத்து வறண்ட குளிருக்கு வருகிற பயிர் அது, இங்கே மளிகைக் கடையில் அந்த விலை கொடுத்து வாங்கி மண்ணில் போடுவதற்கு அந்தக் காசில் இன்னும் சில கிலோ சணப்பு வாங்கலாம்.

இதைச் சொன்னபோது ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார், "ஐயா சொன்னதை நாம மாத்தலாமுங்களா தம்பி?" அவர் குரலில் இருந்தது சந்தேகம் இல்லை, பக்தி. "மாத்தலைங்க ஐயா, உங்க காட்டுக்கு எது நல்லா வருதோ அதைக் கொஞ்சம் கூட்டிக்கிறோம், அவ்வளவுதானுங்க" என்றேன். அவருக்கு அடுத்த வெள்ளாமை மஞ்சள். போன பயிரில் வேரைத் தாக்கி வீங்க வைக்கிற வேர் முடிச்சு நூற்புழு இருந்ததா என்று கேட்டதற்கு, இல்லை, பயறு போட்டபோது வேரில் நிறைய முண்டு இருந்தது, தழைச்சத்து (நைட்ரஜன்) நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார். வரப்போரம் தானாக முளைத்து நின்ற ஒரு தட்டைப்பயறுச் செடியை மண்ணோடு கொத்தி எடுத்துத் தண்ணீரில் அலசினோம். நல்ல வேர் முண்டாக இருந்தால் வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தள்ளினால் உதிர்ந்து வரும், கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறம் இருந்தால்தான் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிறது என்று அர்த்தம். இவர் வேரில் அப்படி ஒன்றிரண்டுதான் தேறின. மற்றதெல்லாம் வேரே வீங்கி இருந்தது, தள்ளினால் வரவில்லை, பிய்த்தால் வேரோடுதான் வந்தது. அது நூற்புழு. பெரியவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

இந்த மாதிரி நிலத்தில் தட்டைப்பயறு, பாசிப்பயறு, உளுந்து மூன்றையும் கலவையில் சேர்த்தால் நூற்புழுவுக்கு நாமே சாப்பாடு போட்ட மாதிரி. சணப்பில் அது பெருகாது. அதனால் அவருக்கு ஏக்கருக்குச் சணப்பு 9 கிலோ, கம்பு 400 கிராம், எள் 200 கிராம், ஓரங்களில் கொஞ்சம் செண்டுமல்லி, அவ்வளவுதான் எழுதிக் கொடுத்தேன். மாசியில் மஞ்சள் வெட்டி முடித்து, வைகாசியில் மறுபடி நடுவதற்குள் ஒரு சணப்பு தாராளமாக எடுக்கலாம்.

அளவை எப்படி முடிவு செய்கிறேன் என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு பயிரையும் தனியாக விதைத்தால் ஏக்கருக்கு எவ்வளவு தேவையோ அதைத்தான் அடிப்படையாக எடுப்பேன். தக்கைப்பூண்டு 20 கிலோ, சணப்பு 12 கிலோ போல, எள்ளும் கம்பும் இரண்டிரண்டு கிலோ. கலவையில் சேர்க்கும்போது ஒவ்வொன்றும் அதில் எத்தனை சதவீதம் என்று பார்த்து, எல்லாம் சேர்ந்து நூறை ஒட்டி வருகிற மாதிரி வைப்பேன். மேலே சொன்னதில் சணப்பு முக்கால் பங்கு, கம்பு ஐந்தில் ஒன்று, எள் பத்தில் ஒன்று, கூட்டினால் நூற்றைந்து வரும். மானாவாரிக் காட்டில் இதையே எழுபதுக்கு இறக்கிவிடுவேன், ஏனென்றால் இப்படி மண்ணை மூட விதைக்கிற மூடுபயிரும் தண்ணீர் குடிக்கிற பயிர்தான். அடர்த்தியாக வளர்த்து, மண்ணில் இருந்த கோடை ஈரத்தை எல்லாம் அது உறிஞ்சிவிட்டால், ஆடிப் பட்டத்துக்கு நிலம் காய்ந்து கிடக்கும். கரூர் பக்கம் கொள்ளும், கொளுஞ்சி என்கிற பசுந்தாள் உரச் செடியும் போதும் என்பது என் எண்ணம். கொளுஞ்சியை ஆடு மாடு தொடாது, வேலி இல்லாத காட்டில் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அங்கே பண்ணையம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். தோல் கெட்டியான விதை, மணலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டு விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும்.

தானியத்தின் பங்கை மட்டும் நான் கால் பங்குக்கு மேல் போக விடுவதில்லை. சோளமும் கம்பும் முற்றிவிட்டால் அவற்றின் தட்டை (தண்டு) மக்குவதற்கே மண்ணில் இருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், அடுத்து நடுகிற பயிர் சில வாரம் வெளுத்து நிற்கும். டெல்டாவில் சம்பாவுக்கு முன்னால் விதைக்கிறவர்களுக்குக் கலவையே வேண்டாம் என்பேன். தண்ணீர் நின்றாலும், மண் கொஞ்சம் களராக (உவராக) இருந்தாலும் தாங்கி நிற்பது தக்கைப்பூண்டு, அங்கே அது ஒன்றே போதும். சணப்புக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது. 2024-ல் தமிழக அரசு ஆரம்பித்த மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் பசுந்தாள் உர விதை மானியத்தில் கொடுக்கிறார்கள், முதலில் அதை விசாரியுங்கள்.

விதை எங்கே வாங்கினாலும் முளைப்பு பார்க்காமல் விதைக்க வேண்டாம். ஈரத் துணியில் நூறு விதையைச் சுருட்டி வைத்தால் நான்கைந்து நாளில் தெரிந்துவிடும். ஒரு கடையில் வாங்கிய தக்கைப்பூண்டு நூற்றுக்கு ஐம்பதுகூட முளைக்காமல், விதை அளவை இரண்டு மடங்காக்க வேண்டி வந்தது. மளிகைக் கடை எள்ளில் தோல் நீக்கியது கலந்திருக்கும், இயந்திரத்தில் உரித்த நிலக்கடலைப் பருப்பில் பாதி முளைக்காது.

விதைக்கும்போது எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கலந்து வண்டியில் கட்டிக்கொண்டு போனால், குலுங்கிக் குலுங்கிச் சின்ன விதை அடியில் இறங்கிவிடும். ஒரு மூலையில் ஆமணக்காகவும் இன்னொரு மூலையில் எள்ளாகவும் நிற்கிற வயல்கள் எல்லாம் இப்படி வந்தவைதான். பெரிய விதையை முதலில் வீசி ஒரு சால் கல்டிவேட்டர் ஓட்டிவிட்டு, சின்ன விதையை மணலோடு கலந்து மேலாக வீசி, முள் கட்டையோ பலகையோ இழுத்துவிட்டால் போதும்.

அப்புறம் பூக்கிற சமயம் மடக்கி உழ வேண்டும் என்கிறோமே, இருபது விதையில் எது பூக்கிற சமயம்? பாசிப்பயறு 35 நாளிலேயே பூத்துவிடும், ஆமணக்கு அப்போதுதான் தண்டு பிடித்துக்கொண்டிருக்கும். நான் சணப்பையோ தக்கைப்பூண்டையோ மட்டும் பார்ப்பேன். முதல் பூ தெரிந்ததும் மடக்கிவிட வேண்டும். சணப்பைப் பத்து நாள் தள்ளிப்போட்டால் நார் ஏறி ரோட்டவேட்டர் கத்தியில் சுற்றிக்கொள்ளும், ஓட்டுநர் கத்தியோடு இறங்கி அறுத்து எடுத்துக்கொண்டிருப்பார், வாடகை மணிக்கணக்கில் ஏறும். எள்ளும் கடுகும் காய் முற்றிக் கொட்டிவிட்டால் அடுத்த பட்டத்தில் அதுவே களை. மடக்கும் முன் ஒரு சதுர மீட்டரில் இருப்பதை அறுத்து எடை போட்டுப் பார்க்கச் சொல்வேன். இரண்டரை கிலோ இருந்தால் ஏக்கருக்கு 10 டன் பசுந்தழை, நல்ல மகசூல் அது.

விதைச் செலவு கட்டுப்படியாகவில்லை என்கிறவர்களுக்கு, இரண்டு சென்ட் இடத்தை மடக்காமல் விதைக்கு விடச் சொல்கிறேன். தக்கைப்பூண்டு ஐந்து மாதம் போல நிற்க வேண்டும், காய் காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் பனி ஈரம் இருக்கிற காலை நேரத்தில் அறுப்பது நல்லது. சணப்பு ஆடிக்குப் பிறகு விதைத்தால் நன்றாகக் காய்க்கிறது, பகல் குறையக் குறைய அதற்குப் பூப்பு கூடும். பெரிய வண்டுகளும் தேனீக்களும் வந்து போனால்தான் காய் பிடிக்கும், ஆகையால் பக்கத்தில் யாராவது மருந்து அடிப்பவர்கள் இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளுங்கள்.