2 டன் ஃபோர்க்லிஃப்ட் எப்போதும் 2 டன் தூக்காது

வண்டியில் ஒட்டியிருக்கிற அந்தத் தகட்டைக் கொஞ்சம் படிங்க. ‘2000 கிலோ, 500 மி.மீ.’ என்று இருக்கும். சரக்கின் எடை மையம் ஃபோர்க்கின் (சரக்கைத் தாங்கும் L வடிவ முன்கரங்கள்) செங்குத்து முகத்திலிருந்து 500 மி.மீ.க்குள் இருந்தால்தான் அந்த 2 டன். 1600 மி.மீ. நீளப் பெட்டியை ஒட்டி எடுத்தாலும் மையம் 800-க்குப் போயிடும். பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் சீசாப் பலகையின் நடுக்கட்டை மாதிரிதான் முன்சக்கரம். முன்சக்கர அச்சிலிருந்து ஃபோர்க் முகம் 400 மி.மீ. என்று வைத்தால், 2000 × (400 + 500) ÷ (400 + 800) = 1500 கிலோ. அரை டன் போச்சு! இதுவும் தோராயம்தான். மாஸ்ட் (ஃபோர்க்கை ஏற்றி இறக்கும் முன்தூண்) உயர உயர, அட்டாச்மென்ட் (ஃபோர்க்கில் பொருத்தும் கூடுதல் கருவி) மாட்டினால் இன்னும் குறையும்.

பின்பக்கம் தூக்குதுன்னு ரெண்டு பேரைப் பின்னாடி ஏற்றி நிறுத்துறாங்க பாருங்க, அதைவிட மடத்தனம் கிடையாது. ஸ்டியரிங் பின்சக்கரத்தில், அது தரையை விட்டால் வண்டி திரும்பாது.

சரிவில் சரக்கு எப்பவும் மேட்டுப் பக்கம். ஏறும்போது நேராக, இறங்கும்போது ரிவர்ஸில். ஃபோர்க் தரையிலிருந்து 15-20 செ.மீ. போதும்.

பக்கவாட்டில் கவிழ்ந்தால் குதிக்காதீங்க. பெல்ட்டோடு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, காலை ஊன்றி, விழும் பக்கத்துக்கு எதிராகச் சாயுங்க. குதிக்கிறவர் மேல்தான் மேற்கூரைக் கம்பி வந்து விழும்.