கைக்குள் அடங்கும் ஹெலிகாப்டர்: உதறலைப் பார்த்தே பழுதைச் சொல்லலாம்

மலிவான ரிமோட் ஹெலிகாப்டர்களில் பாதி, வாங்கிய வாரத்திலேயே "செத்துப்போச்சு" என்று அலமாரி மேல் ஏறிவிடும். திறந்து பார்த்தால் பெரும்பாலும் வளைந்த ஒரு ஷாஃப்ட் (சுழல் தண்டு), கழன்ற ஒரு கொக்கி, அறுந்த ஒரு மயிரிழை வயர், இவ்வளவுதான் இருக்கும். எது என்று கண்டுபிடிக்க உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தூக்க வேண்டாம். முதலில் அது எப்படி உதறுகிறது என்று பாருங்கள்.

இங்கே பேசுவது இரட்டை ரோட்டார் (மேலே சுற்றும் பிளேடு ஜோடி), மூன்று சேனல் (ஏற்ற இறக்கம், இடம் வலம், முன் பின் என மூன்று கட்டுப்பாடு), அகச்சிவப்பு ரிமோட் வகையைப் பற்றி. சைமா எஸ்107 இதில் எல்லோருக்கும் தெரிந்த மாடல். அதைப் பார்த்துச் செய்த நகல்களும் ஏராளம். மேலும் கீழுமாக இரண்டு ரோட்டார்கள் எதிரெதிர் திசையில் சுற்றும். ஒன்று உடலைத் திருப்பப் பார்த்தால் மற்றது அதை ஈடுகட்டிவிடும். கீழ் ரோட்டார் ஒரு குழாயின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குழாய்க்குள் ஓடும் மெல்லிய ஷாஃப்டின் தலையில் மேல் ரோட்டார். அடியில் உள்ள கியர்களில் கணக்கு தலைகீழ்: மேல் கியர் கீழ் ரோட்டாரைச் சுற்றும், கீழ் கியர் மேல் ரோட்டாரைச் சுற்றும். இது தெரியாமல் பிரித்தால் நமக்குத்தான் தலை சுற்றும். இரண்டு மோட்டார்களின் வேக வித்தியாசத்தில் இடம், வலம் திரும்பும். வாலில் படுக்கையாக இருக்கும் குட்டி விசிறி வாலைத் தூக்கினால் முன்னே போகும், அமுக்கினால் பின்னே வரும். பக்கவாட்டில் நகரும் வித்தை இந்த வகைக்கு வராது.

இனி சோதனை. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, இறங்கு காலைக் கெட்டியாகப் பிடித்து, திராட்டிலை, அதாவது ரோட்டார் வேகத்தைக் கூட்டும் குச்சியை, பாதி வரை ஏற்றுங்கள். நல்ல ஹெலியில் கைக்குச் சீரான ரீங்காரம்தான் தெரியும். மூக்கும் வாலும் கிடுகிடுவென ஆடினால் அணைத்துவிட்டு, கண் மட்டத்துக்கு உயர்த்தி, மேல் ரோட்டாரை விரலால் மெல்லச் சுற்றுங்கள். ஷாஃப்டின் நுனி நின்ற இடத்தில் நிற்காமல் சின்ன வட்டம் போட்டால் உள் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. சுவரில் மோதி விழுந்த ஹெலியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். வெளியே எடுத்துக் கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு பளிச்சென்று தெரியும். நிமிர்த்திப் பார்க்கலாம்தான், ஆனால் மயிரிழை வளைவு மிச்சமிருந்தாலும் உதறல் போகாது. புது ஷாஃப்ட் போடுவதே மேல். போட்டபின் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள்: அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் சரி. ஆட்டமே இல்லாமல் இறுகியிருந்தால் உரசி பேட்டரியைத் தின்னும். அதிகமானால் ரோட்டார் தலை எகிறும்.

ஷாஃப்ட் நேராக இருந்தும் உதறுகிறதா? பிளேடுகளுக்குப் போங்கள். ஹெலியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பிளேடுகள் தம் எடைக்கே மெல்லத் தொங்க வேண்டும். பலர் செய்யும் தப்பு, பிளேடு ஸ்க்ரூவை "டைட்டா இருக்கட்டும்" என்று முறுக்கிவிடுவது. சுற்றும்போது பிளேடுகள் தாமாக வெளியே விரிந்து நேர்க்கோட்டில் நிற்க வேண்டும்; முறுக்கிவிட்டால் கோணலாகவே சுற்றும், மோதும்போது மடங்கிக் கொடுக்காமல் உடையும். ஸ்க்ரூவை முழுக்க இறுக்கிக் கால் சுற்று தளர்த்துங்கள், போதும். மாற்றும்போது பிளேடின் அடியில் உள்ள எழுத்தைப் பாருங்கள்: ஏ என்றும் பி என்றும் இருக்கும். ஏ ஜோடி ஒரு ரோட்டாருக்கு, பி ஜோடி மற்றதற்கு. கலந்து மாட்டினால் சுற்றும், காற்றைக் கலக்கும், தரையை விட்டு மட்டும் எழும்பாது. எழுத்து அழிந்திருந்தால் பிளேடின் தடித்த, உருண்டையான ஓரம் சுற்றும் திசையில் முன்னால் வருகிறதா என்று பாருங்கள். நுனி பிளந்த பிளேடை ஒட்டிப் பறக்கவிட ஆசைப்படாதீர்கள். பசையின் எடையே அடுத்த உதறல்.

மேலே குறுக்காக இரண்டு குண்டுகளோடு இருக்கும் பேலன்ஸ் பார் அலங்காரம் அல்ல. உடல் சாய்ந்தாலும் அது தன் தளத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு சின்னக் கொக்கி வழியாக மேல் பிளேடுகளின் கோணத்தை மாற்றி உடலை நிமிர்த்தும். அந்தக் கொக்கி ஒரு பிளாஸ்டிக் துணுக்கு, பார்த்தால் பொருட்படுத்த மாட்டீர்கள். அது கழன்றால் ஹெலி எழும்பியதும் ஒரு பக்கம் சாய்ந்து வட்டமடித்துச் சுவரைத் தேடும். கழன்றதை நகத்தால் அமுக்கினால் "டிக்" என்று குமிழில் உட்காரும். அதன்பின் பாரை ஆட்டினால் தடையில்லாமல் ஆட வேண்டும். கொக்கி இறுக்கமாக இருந்தாலும் ஹெலி ஆடிக்கொண்டே பறக்கும். அப்போது குமிழோடு சேர்த்துக் குறட்டால் ஒரே ஒரு முறை, லேசாக அமுக்கிவிடுங்கள். அழுத்திவிட்டால் கொக்கி இரண்டாகும்.

நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றுகிற ஹெலி தனி ரகம். உள்ளே சர்க்யூட் போர்டில் உள்ள கைரோ (உடல் திரும்புவதை உணரும் சென்சார்), ஸ்விட்ச் போட்ட நொடியில் "இதுதான் அசையா நிலை" என்று பதிந்துகொள்ளும். கையில் வைத்து ஆட்டிக்கொண்டே ஸ்விட்ச் போட்டிருந்தால் பதிவே தப்பு. தரையில் வைத்து அணைத்து, மறுபடி போட்டு, சில வினாடி தொடாமல் விடுங்கள். அப்படியும் சுற்றினால் ரிமோட்டின் டிரிம்மை, அதாவது தானாகத் திரும்புவதை ஈடுகட்டும் திருகை, எதிர்ப்பக்கம் திருப்புங்கள். டிரிம் கடைசி வரை போயும் நிற்கவில்லையென்றால் ஒரு ரோட்டார் பின்தங்குகிறது. கியருக்கும் ஷாஃப்டுக்கும் இடையில் பாருங்கள்: தலைமுடி, பஞ்சு, கம்பள நூல். ஊசியும் இடுக்கியும் வைத்து முழுக்க எடுத்துவிட்டு, ஷாஃப்ட் குழாய்க்குள் நுழையும் இடத்தில் மெல்லிய மெஷின் ஆயில் அரைச் சொட்டு. சமையல் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். மோட்டார் அலறியும் ரோட்டார் சுற்றவில்லையென்றால் மோட்டார் முனையிலுள்ள சின்னப் பல்சக்கரம் விரிசல் விட்டு வழுக்குகிறது. எல்லாம் சுத்தமாக இருந்தும் வேகம் வரவில்லை, ஒரு மோட்டார் மட்டும் தொடமுடியாத சூடு என்றால் அதன் பிரஷ் (மோட்டாருக்குள் சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் தொடுமுனை) தேய்ந்துவிட்டது. சுத்தம் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பழையதை எடுக்கும் முன் எந்த நிற வயர் எங்கே போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எழும்புகிறது, திரும்புகிறது, முன்னே மட்டும் போகவில்லை: வால் மோட்டார். முதலில் விசிறியில் சிக்கிய முடியை எடுங்கள். பிறகு 1.5 வோல்ட் ஏஏ பேட்டரியை அந்த மோட்டாரின் இரண்டு முனைகளிலும் நேரடியாக ஒரு வினாடி வையுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது, வால் குழாய்க்குள் போகும் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. அந்த வயருக்கு மேல் வார்னிஷ் பூச்சு உண்டு. சுரண்டாமல் சால்டர் வைத்தால் ஒட்டாது. மாற்றி ஒட்டிவிட்டால் முன்னே தள்ளும்போது பின்னே வரும். பிரித்து இடம் மாற்றினால் சரி. மோட்டார் ஓடியும் சோம்பலாக நகர்கிறதென்றால் மூக்கின் அடியில் ஒரு கிராம் அளவு களிமண் ஒட்டிப் பாருங்கள், வேகம் நன்றாகவே தெரியும்.

பேட்டரிதான் கவனமாகக் கையாள வேண்டியது. இந்த அளவு ஹெலியில் பொதுவாக 3.7 வோல்ட், 150 எம்ஏஎச் (மின்சாரம் தேங்கும் கொள்ளளவு) லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி, இருக்கும். முழு சார்ஜில் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெடும். முன்பு ஏழெட்டு நிமிடம் பறந்தது இப்போது ஒரு நிமிடத்தில் இறங்குகிறது, மல்டிமீட்டரில் 4.1 காட்டுகிறது, மோட்டார் ஓடியதும் 3.2க்குச் சரிகிறது என்றால் செல் ஓய்ந்துவிட்டது. பை போல உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம், எடுத்துவிடுங்கள். குத்தக் கூடாது, மின்கழிவோடு தனியே சேர்க்க வேண்டும். மாற்றும்போது பழைய செல்லின் இரண்டு வயரையும் ஒரே வெட்டில் வெட்டினால் கத்தரிக்கோலே ஷார்ட் ஆக்கிவிடும். கறுப்பை வெட்டி, நுனியில் டேப் சுற்றி, பிறகு சிவப்பை வெட்டுங்கள். ஒட்டும்போதும் ஒன்றை முடித்து மூடிவிட்டு மற்றது. பெரிய எம்ஏஎச் போட்டால் அதிக நேரம் பறக்கும் என்று நினைப்பார்கள். மொத்த ஹெலியே 40 கிராம் அளவுதான். கூடுதல் எடையைத் தூக்கவே கூடுதல் மின்சாரத்தில் ஒரு பங்கு போய்விடும். பறந்து முடித்ததும் பத்து நிமிடம் ஆறவிட்டு சார்ஜ் போடுங்கள். ரிமோட்டிலிருந்து சார்ஜ் செய்யும் வயர் இருந்தாலும் அதிலுள்ள ஆறு ஏஏ பேட்டரிகளை அதற்குச் செலவழிப்பது வீண். யூஎஸ்பி போதும்.

ரிமோட் வேலை செய்கிறதா என்று சந்தேகமா? போன் கேமராவைத் திறந்து ரிமோட்டின் முன்னால் உள்ள எல்இடிகளைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி பல கேமராக்களில் ஊதா மின்னலாகத் தெரியும், முன்பக்கக் கேமராவில் இன்னும் தெளிவாக. வெயில் விழும் ஜன்னலோரத்தில் சிக்னல் அறுந்து பொத்தென்று விழுந்தால் அது பழுது அல்ல. வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது, ரிமோட்டின் குரல் அதில் அமுங்கிவிடும். இரண்டு ஹெலியை ஒன்றாகப் பறக்கவிட ஒன்றை ஏ பேண்டிலும் மற்றதை பி பேண்டிலும் வையுங்கள் (பேண்ட் என்பது ரிமோட்டின் சிக்னல் வழி; வேறு வேறாக இருந்தால் ஒன்றோடொன்று குழம்பாது).

பறக்கவிடும்போது மின்விசிறியையும் ஏசியையும் அணையுங்கள். வால் உங்களைப் பார்க்க வைத்துத் தொடங்குங்கள். மூக்கு உங்களைப் பார்த்தால் இடம் வலமாகிவிடும். தயங்கித் தயங்கி எழுப்பினால் தரையில் பட்டுத் திரும்பும் காற்றில் சறுக்கிக்கொண்டு போகும். ஒரே மூச்சில் இடுப்புயரம் ஏற்றி அங்கே நிறுத்துங்கள். கூரைக்கு ஓர் அடி நெருங்கினால் கூரை உறிஞ்சிக்கொள்ளும், திராட்டிலைக் குறைத்து வெளியே வாருங்கள். எதிலாவது மோதப் போகிறதென்று தெரிந்தால் காப்பாற்றப் பார்க்காமல் திராட்டிலைச் சுழியத்துக்கு இறக்குங்கள். திரைச்சீலையில் சிக்கி நின்றுவிட்ட மோட்டாருக்குத் தொடர்ந்து மின்சாரம் போனால் வெந்துபோவது போர்டிலுள்ள டிரான்சிஸ்டர்.

போர்டு வெந்துவிட்டால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்த உடலைத் தூக்கி எறியாமல் இரண்டு மோட்டார், கியர்கள், ஷாஃப்ட், கொக்கி, ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு, மேலே மாடல் பெயரை எழுதி வையுங்கள். அடுத்து வாங்கும்போது அதே மாடலையே வாங்குங்கள்.