சரவணன், கோமதிக்குப் பிறகு பிறந்தவளுக்கு என்ன பெயர்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டம் சூழ்ந்த ஊரில் மூன்றாவதாகப் பெண் பிறந்தால் பெயர் சொல்ல ஊரே வந்துவிடும். பாட்டி குலதெய்வத்தைச் சொல்வார், அத்தை கைப்பேசியில் பட்டியல் காட்டுவார், ஐயர் எழுத்துக் கொடுப்பார். நாள்தான் குறைவு. தீபகற்ப மலேசியாவில் 60 நாளுக்குள் ஜேபிஎன் என்னும் தேசியப் பதிவுத் துறையில் பிறப்பைப் பதிய வேண்டும். முப்பதாம் நாள் தொட்டில் போட்டுப் பெயர் வைக்கும் வீட்டுக்கு மிச்சம் ஒரு மாதம்.

மூத்த பிள்ளைகளின் பெயரோடு சேர வேண்டும் என்றதும் பலர் முதலெழுத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். கவிதா, கவினா, காவியா என்று வரிசையாக வைத்தால் கேட்க அழகுதான். ஆனால் கிளினிக் கார்டிலும் பள்ளிப் பதிவிலும் மூவருக்கும் அப்பா பெயர் ஒன்றே. பிரித்துக் காட்ட இருப்பது சொந்தப் பெயர் மட்டும். அதுவும் ஒரே அச்சில் இருந்தால் தங்கைக்குப் போட்ட ஊசி அக்கா கார்டில் ஏறும்.

முதலெழுத்தைவிடக் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். தமிழில் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது கடைசி உயிரைத்தான் இழுக்கிறோம். பின்வாசலில் நின்று சத்தம் போட்டால் பிள்ளையின் காதில் விழுவது அந்த இழுப்புதான். சரவணாஆ, கோமதீஈ. இந்த வீட்டில் மூன்றாவதுக்கு அமுதா என்று வைத்தால் "ஆ" இரண்டு பேருக்கும் பொது, அண்ணனும் ஓடி வருவான். திலகவதி என்றால் "தீ" என்று அக்காவோடு மோதும். மேகலை என்று வைத்துப் பாருங்கள்: மேகலேஏ. ஆ, ஈ, ஏ என மூன்றும் தனித்தனி. பத்துப் பெயர் எழுதி வைத்திருந்தால் இந்த ஒரு சோதனையிலேயே பாதி கழிந்துவிடும்.

அடுத்தது உறவு. பழைய பெயர்களுக்குக் கதை உண்டு, கதையில் முறை உண்டு. அண்ணன் சரவணன் என்றால் தங்கைக்கு வள்ளி, தேவயானி கூடாது. ராமுக்குத் தங்கை ஜானகி என்றால் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுபவரே நிமிர்ந்து பார்ப்பார். கண்ணன் வீட்டுக்குச் சுபத்திரா, மீனாட்சி இரண்டும் தங்கை முறை, தாராளமாக வைக்கலாம். அக்கா கண்ணகி, தங்கை மாதவி என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். அங்கவை, சங்கவை பாரியின் மகள்கள். உறவு சரி, ஆனால் ஓசை ஒட்டிக்கொள்ளும். ரொம்பத் துருவவும் வேண்டாம். கோமதி அம்மனும் பார்வதிதான், அந்தக் கணக்கில் கோமதி சரவணனுக்குத் தாயாகிவிடுவாள். அதை யாரும் பார்ப்பதில்லை.

காலமும் ஒத்துப்போக வேண்டும். சரவணன், கோமதிக்குப் பக்கத்தில் தஷ்விகா நின்றால் அடுத்த வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கும். மூத்தவை தர்ஷன், லக்‌ஷனா என்றிருந்தால் முனியம்மா ஒட்டாது. அந்த வீட்டுக்கு ஆதிரை, யாழினி, குந்தவை மாதிரி பழசாகவும் புதுசாகவும் ஒலிப்பதைத் தேடுங்கள்.

பெயர் வாழப்போவது மலாய் பேசும் பள்ளியிலும் ஆபீசிலும். சீதாவை ஆங்கில எழுத்தில் டி மட்டும் போட்டு எழுதினால் மலாயில் "பறிமுதல் செய்" என்று பொருள். மாலதியை மாலு என்று சுருக்கினால் வெட்கம். மணி என்றால் விந்து. அதனால்தான் மணிமேகலை வேண்டாம், மேகலை போதும் என்கிறோம். முழுப்பெயர் வைத்தால் முதல் பாதியைத்தான் பிடித்துக் கூப்பிடுவார்கள். பெயரை இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதுவதிலும் இதே தொல்லை. ஸ்ரீ தேவி, ஸ்ரீ வித்யா என்று அக்காள் தங்கை இருவருக்கும் எழுதினால் வகுப்பில் இரண்டு பேருமே "ஸ்ரீ"தான். சேர்த்தே எழுதுங்கள்.

எழுத்துக்கூட்டல் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிய காலத்தில் ஒரே வீட்டில் லெட்சுமி மூன்று விதமாக இருப்பாள். இன்று அந்தச் சாக்கு இல்லை. கோமதிக்குக் "கே" போட்டிருந்தால் மேகலைக்கும் "கே", "ஜி" என்றால் "ஜி". ழகரத்துக்கு இசட்-எச் போட்டால் யாழினி மலாய் ஆசிரியர் வாயில் "யாஸ்ஹினி" ஆவாள். எல் போட்டால் "யாலினி", அது எவ்வளவோ தேவலை. இங்கே மலர்விழிகளும் கயல்விழிகளும் நெடுங்காலமாக எல்லில்தான் ஓடுகிறார்கள்.

எண் கணிதம் பார்ப்பவர்களுக்கு: மேகலையை ஆங்கிலத்தில் "ஜி" போட்டு எழுதினால் எம் 4, இ 5, ஜி 3, ஏ 1, எல் 3, ஏ 1, ஐ 1, கூட்டினால் 18. அது பிடிக்கவில்லை என்று கடைசியில் இன்னொரு ஐ சேர்த்து 19 ஆக்கச் சொல்வார்கள். அந்த ஒரு எழுத்தை அவள் வங்கியிலும் பரீட்சைத் தாளிலும் பாஸ்போர்ட்டிலும் ஆயுள் முழுக்க விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் ஓட்டு இதற்கு இல்லை.

நட்சத்திர எழுத்து சில நேரம் தானாக அமையும். மகத்துக்கு ம, மி, மு, மே, மேகலை அப்படியே பொருந்தும். ஆயில்யம் வந்தால்தான் திண்டாட்டம்: டி, டு, டே, டோ. தமிழ்ச் சொல் எதுவும் டகரத்தில் தொடங்காது. அந்த எழுத்தில் ஒரு பெயரைத் தொட்டிலில் காதில் ஓதிவிட்டு, பத்திரத்தில் வீட்டுக்குப் பொருந்தும் பெயரை எழுதுவதே வழி.

ஜேபிஎன் கவுண்டரில் பெயரை வாயால் சொல்ல வேண்டாம். பெரிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். மூத்தவர்களின் சூராட் பெரானாக்கையும் (பிறப்புப் பத்திரம்) கையோடு எடுத்துப் போங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் கூட்டல் ஒன்றுதானா என்று நீங்கள் ஒப்பிடத் தேவைப்படும். தாளைச் சரிபார்க்கக் கொடுக்கும்போது, குழந்தை அழுதாலும் பின்னால் வரிசை நின்றாலும், எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.