திரும்பத் திரும்பச் சொல்ல வச்சாங்க

ரெண்டு நாளா ட்ரையாங்கிள் தீ விபத்து கேஸ் பத்தியே படிச்சிட்டிருக்கேன், மனசே ஆறல. 1911 மார்ச் 25, நியூயார்க்ல பிளவுஸ் தைக்கிற கம்பெனி, 146 பேர் செத்துட்டாங்க, முக்கால்வாசி பொழைக்க வந்த நாட்டுல மெஷின்ல உக்காந்த இளம் பொண்ணுங்க. ஒன்பதாவது மாடிக் கதவு பூட்டியிருந்துச்சா இல்லையாங்கிறதுதான் கேஸே.

டிசம்பர்ல கேட் ஆல்டர்மேன்னு ஒரு தொழிலாளி கூண்டுல ஏறி, கூட வேலை பார்த்த மார்கரெட் அந்தக் கதவுகிட்ட முட்டி போட்டு, முடியெல்லாம் அவுந்து கெடக்க, கதவத் தொறங்கன்னு கத்துனத சொல்றாங்க, நெருப்பு செவப்புத் திரை மாதிரி இருந்துச்சாம். முதலாளிங்க வக்கீல் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறாரு. கிட்டத்தட்ட அதே வார்த்தைங்க வந்ததும், யாரோ மனப்பாடம் பண்ண வச்சிருக்காங்கன்னு ஜூரி நெனைக்கிற மாதிரி ஆயிடுச்சு. ஒம்பது மாசமா கண்ணுக்குள்ள அதே நெருப்பு எரிஞ்சா வார்த்தை எப்படிங்க மாறும்? பயங்கரமா கோவம் வந்துச்சு எனக்கு.

டிசம்பர் 27, ரெண்டு முதலாளிங்களும் விடுதலை. கதவு பூட்டியிருந்தது இவங்களுக்குத் தெரியும்னு நிரூபிக்கணுமாம். 1914ல நஷ்டஈடு கேஸ் சமரசத்துல முடிஞ்சுது, ஒரு உயிருக்கு 75 டாலர்.