லெத்தே பெரியம்மாவும் ஊசி போடற சயாவும்

ரங்கூன்ல லைங்தாயா பக்கம் ஒரு சின்ன தர்ம கிளினிக்ல கர்ப்பிணிங்கள பாக்கற வேலை எனக்கு. 1989ல புதுசா போட்ட டவுன்ஷிப் இது. 2008 நர்கிஸ் புயல்ல வீடு வாசல் போன ஐராவதி டெல்டா ஜனங்க வந்து ஒதுங்குனது, கார்மெண்ட் ஃபேக்டரிக்கு வந்த பொண்ணுங்க இங்கயே குடும்பமானதுன்னு, 2014 சென்சஸ்லயே ஜனத்தொகை ஆறரை லட்சத்துக்கு மேல போயிடுச்சு. வாய்க்கா ஓரம் பூரா மூங்கில் தட்டி வீடுங்க, அதுக்கு நடுவுல நம்ம தமிழ் ஆளுங்களும் இருக்காங்க, பாதி பேருக்கு என்ஆர்சிங்கற அரசாங்க அடையாள அட்டை கிடையாது, அரசாங்கம் வச்சிருக்கற வீட்டு லிஸ்ட்ல பேரும் கிடையாது.

இங்க நிறைய புள்ளைங்க வீட்லதான் பொறக்குது. 2015-16ல நாடு முழுக்க எடுத்த சர்வேலயே நூத்துக்கு 37 பிரசவந்தான் ஆஸ்பத்திரியிலயோ கிளினிக்லயோ நடந்துச்சுன்னு வந்துச்சு. ஏன் போகல ஏன் போகலன்னு வெளியில இருந்து வர்றவங்க கேப்பாங்க. பிரசவம் இலவசம்தான், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு டாக்சிக்கு யார் குடுப்பா, மருந்து சீட்டு நீட்டுனா யார் வாங்குவா, கூட இருக்க லீவு போட்டா புருஷனுக்கு அன்னைக்கு கூலி போச்சு, 2021ல ராணுவம் ஆட்சிய புடிச்சதுக்கு அப்புறம் ராத்திரி ரோட்டுல போறதே பயம். லெத்தேன்னா வீட்டுக்கே வந்து பிரசவம் பாக்கற மருத்துவச்சி, அவ அடுத்த சந்துல இருக்கா, கூப்ட்டா வருவா, காசு சம்பளம் வந்ததும் குடுத்தா போதும்.

எங்க ஏரியாவுல ஒரு தமிழ் லெத்தே பெரியம்மா இருக்காங்க. அவங்க மாமியார் கூட போய்ப் போய் பாத்து கத்துக்கிட்டதுதான், எந்த ட்ரெயினிங்கும் கிடையாது. உள்ளங்கையில நல்லெண்ணெய தேச்சு சூடு பண்ணிட்டு வயித்துல வைப்பாங்க, ரெண்டு கையாலயும் மெதுவா தலைய தேடுவாங்க, கண்ணு மட்டும் அந்தப் பொண்ணு மூஞ்சியிலயே இருக்கும். குழந்தை குறுக்க கெடந்தா சொல்லிடுவாங்க, நான் பாத்தவரை தப்பினதில்ல. வலி விட்டு விட்டு வந்தா பொறுமையா இருப்பாங்க, விடிய விடிய முதுகு தேச்சு விடுவாங்க, பொறந்தப்புறம் ஒரு வாரம் வந்து குழந்தைய குளிப்பாட்டி, தாய்க்கு மஞ்சள் பூசி, பத்தியத்துக்கு மிளகும் பூண்டும் இடிச்சு வச்சிட்டு போவாங்க. எந்த நர்ஸ் இத செய்வா?

அதுக்காக அவங்கள தலையில தூக்கி வச்சு ஆடவும் எனக்கு மனசு வராது. ரத்தம் போனா, கெட்ட ரத்தம் வெளிய போகட்டும்னு விட்ருவாங்க. லுங்கி நனைஞ்சு அடுத்த லுங்கி மாத்தற வரைக்கும் அது ஆபத்துன்னே தோணாது அவங்களுக்கு. உலகம் பூரா பிரசவத்துல தாய் சாகறதுக்கு முதல் காரணமே இந்த ரத்தப்போக்குதான், ரெண்டு மணி நேரத்துல ஆள முடிச்சிரும்.

ஆனா எனக்கு நெஜமான கோவம் ஊசி போடற சயா மேலதான். சயான்னா இங்க வாத்தியாரையும் டாக்டரையும் மரியாதையா கூப்பிடற பேரு, ஆனா இவன் டாக்டர் இல்ல. எங்கயோ கிளினிக்ல கூடமாட இருந்துட்டு தனியா பை தூக்கிட்டு வந்தவன். மாமியாருக்கு அவசரம், சயாவுக்கு அடுத்த வீட்டுக்கு போகணும், அதனால வலிய ஏத்தறேன்னு ஆக்சிடோசின ட்ரிப்ல கலந்து விட்ருவான். ஆஸ்பத்திரியில இதையே சொட்டு சொட்டா எண்ணி, குழந்தை இதயத்துடிப்ப பாத்துக்கிட்டே குடுப்பாங்க. இவன் கண்ணளவுல விடறான். கர்ப்பப்பை விடாம இறுக்கிப் பிடிச்சா நச்சுக்கொடிக்கு ரத்தம் போகாது, குழந்தைக்கு ஆக்சிஜன் குறைஞ்சிரும், முன்னாடி ஆபரேஷன் பண்ண பொண்ணுன்னா தையல் போட்ட எடத்துலயே கிழியலாம். போன மழைக்காலத்துல ஒரு பொண்ணு, ரெண்டாவது பிரசவம், பெரியம்மா பொறுங்கன்னு சொல்ல சொல்ல வீட்டுக்காரங்க சயாவ கூப்ட்டுட்டாங்க. குழந்தை துவண்டு போய் பொறந்துச்சு, அழவே இல்ல. பெரியம்மாதான் துணியால தேச்சு தேச்சு, வாயோட வாய் வச்சு ஊதி மூச்சு வர வச்சாங்க. சயா காச வாங்கிட்டு அதுக்குள்ள போயிட்டான்.

இதுல கொடுமை என்னன்னா அதே ஊசிதான் குழந்தை பொறந்தப்புறம் பத்து யூனிட் போட்டா தாய் உயிர காப்பாத்தற மருந்து. அத 2லருந்து 8 டிகிரிக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். இங்க கரண்ட் எப்ப வரும்னு தெரியாது, ஏப்ரல் வெயில்ல மருந்துக்கடை கண்ணாடி அலமாரியில கெடந்து வீரியம் போயிருக்கும். முன்னாடி போட்டா எவ்ளோ வேலை செய்யும்னு சொல்ல முடியாது, பின்னாடி போட்டா ரத்தம் நிக்குமான்னும் சொல்ல முடியாது.

2004ல உலக சுகாதார நிறுவனம் கூட சில அமைப்புகளும் சேந்து, தேர்ச்சி பெற்ற பிரசவ உதவியாளர்னா யாருன்னு வரையறுத்தாங்க, லெத்தே மாதிரி ஆளுங்க அதுல வரல. சரியான முடிவுதான், நான் சண்டைக்கு வரல. ஆனா தேர்ச்சி பெத்தவங்க இந்த வாய்க்கா ஓரத்துக்கு வர்ற வரைக்கும் ராத்திரி யார் போறது?

அதனால நாங்க எட்டாம் மாசத்துலயே சுத்தமான ப்ளேடு, நூல், சோப்பு, பிளாஸ்டிக் ஷீட் வச்ச பொட்டலத்த கர்ப்பிணி கையிலயே குடுத்துடறோம். கூடவே ரத்தப்போக்க தடுக்கற மிசோப்ரோஸ்டால் மாத்திரை மூணு, மூணும் சேத்து 600 மைக்ரோகிராம், ஃப்ரிட்ஜ் வேண்டாம். குழந்தை வெளிய வந்தப்புறம்தான் முழுங்கணும், இன்னொரு குழந்தை உள்ள இல்லன்னு வயித்த தொட்டு பாத்துட்டுத்தான்னு பெரியம்மாகிட்ட திருப்பித் திருப்பி சொல்ல வச்சு கேப்போம். ரெண்டாவது லுங்கி நனையற வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே போன் பண்ணுங்கன்னும் சொல்லியிருக்கோம்.

பெரியம்மா ஒண்ணு கேட்டாங்க. "ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டா என் கூலிய யாரும்மா குடுப்பா? கூட போனா கேட்லயே நிறுத்தி, இவ்ளோ நேரம் என்ன பண்ணிட்டிருந்தேன்னு என்னைத்தான திட்டறாங்க?" நியாயம்தான். இப்ப நாங்க கர்ப்பிணி வீட்ல முன்னாடியே பேசி வச்சிடறோம், பிரசவம் எங்க நடந்தாலும் குளிப்பாட்டறதுக்கும் தேச்சு விடறதுக்கும் பெரியம்மாவுக்கு கூலி உண்டுன்னு. திட்டறத நிறுத்த எங்களால முடியல, அதுக்கு பதிலா எங்க கிளினிக் சீட்டு ஒண்ண எழுதி கையில குடுத்து அனுப்பறோம், சீட்டு இருந்தா கொஞ்சம் கம்மியா திட்டறாங்களாம். சயா மட்டும் இன்னும் பையோட சுத்திக்கிட்டுதான் இருக்கான், கடையில அந்த ஊசி மருந்து ஆம்பூல் கேட்டா டாக்டர் சீட்டு எங்கன்னு யாரும் கேக்கறதில்ல.