ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு தவக்கால வெள்ளி

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அஸ்தம்பட்டியும் கோரிமேடும் கடந்து அடிவாரத்தை அடைந்தபின், சேர்வராயன் மலைமீது ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய நோன்புக்காலமான தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமையன்று, முதல் 14 வளைவுகளில் நின்று, இயேசுவின் சிலுவைப் பாடுகளை நினைவுகூரும் திருச்சிலுவைப் பாதையின் 14 நிலைகளையும் செபித்துக்கொண்டே நடந்து ஏறுவது என் மனைவியின் வீட்டார் பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்துவரும் வழக்கமாகும். பங்கோ மறைமாவட்டமோ ஏற்பாடு செய்யும் திருப்பயணம் அல்ல இது. என் மாமியாரின் நேர்ச்சை, அதாவது நேர்த்திக்கடன். அவர்கள் நாலுரோடு குழந்தை இயேசு பேராலயத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள். நான் புரொட்டஸ்டண்ட் மரபைச் சேர்ந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஞானஸ்நானம் பெற்று, அங்கேயே ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிறவன். இந்த ஆண்டு நானும் அவர்களோடு நடந்தேன்.

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறன்று இதைக் கேள்விப்பட்ட எங்கள் சபைச் சகோதரர் ஒருவர், "கால் நோக நடந்தா இரட்சிப்பு கிடைச்சிடுமாண்ணே?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. கிருபையினாலே, அதாவது தேவன் இலவசமாகத் தரும் தயவினாலே, விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டோம், கிரியைகளினால், அதாவது நம் செயல்களினால் அல்ல என்று சிறுவயது முதல் கற்பிக்கப்பட்ட எவருக்கும் நேர்ச்சை நடையைக் கண்டால் எழுகிற நியாயமான ஐயம் அது. பாவமன்னிப்புப் பலன்களைப் பணத்துக்கு விற்கும் நிலை வந்தபோது, 1517ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று, புரொட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூதர் 95 கருத்துரைகளை முன்வைத்ததும் இந்த ஐயத்தின் பேரில்தான். தேவனுடைய ஈவுக்கு மனிதன் விலை நிர்ணயிக்க முடியாது என்ற அந்தக் குரல் எழாமல் போயிருந்தால் திருச்சபை முழுவதுமே ஏழையாகியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதைக் கத்தோலிக்க உறவினர்களிடமும் தயங்காமல் சொல்லியிருக்கிறேன்.

விடியுமுன்னே அடிவாரத்தில் செபம் சொல்லி நடக்கத் தொடங்கினோம். மாமியார் வெறுங்காலோடு நடந்தார். இருள் விலகி, சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக்கொடிகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய நேரத்தில், நான் அவரிடமே கேட்டுவிட்டேன்: "அத்தை, எதை வேண்டி இந்த நேர்ச்சை?"

"வேண்டிக்கிட்டு நேர்ந்தது இல்லீங்க மாப்பிள்ளை," என்றார். "சின்னவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில கெடந்தப்ப சாமிகிட்டப் பேரம் பேச எனக்கு வாயே வரல. பொழைச்சு வீட்டுக்கு வந்தான். அதுக்கப்புறம்தான் நேர்ந்துக்கிட்டேன். குடுத்தாச்சு, நான் என்னத்தக் குடுத்து வாங்கறது? நன்றின்னு நடக்கறேன், அவ்வளவுதான்."

படிப்பறிவு அதிகமில்லாத அந்த அம்மையார் சொன்ன வரிசையைக் கவனிக்க வேண்டும். ஈவு முந்தியது, நடை பிந்தியது. அப்போஸ்தலர் பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபமும் (கடிதமும்) இதே வரிசையில்தான் அமைந்துள்ளது. எல்லா நேர்ச்சைகளும் இப்படிப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. "இதைத் தந்தால் அதைச் செய்கிறேன்" என்று ஆண்டவரோடு கணக்குப் பேசுகிற நேர்ச்சைகள் ஏராளம். ஆனால் அந்த நோய் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று. இவ்வளவு காணிக்கை விதைத்தால் இவ்வளவு ஆசீர்வாதம் அறுக்கலாம் என்று மேடைகளில் முழங்குவதும், பிள்ளையின் தேர்வு மதிப்பெண்ணுக்காக உபவாச நாள்களை எண்ணி வைப்பதும் எங்கள் பக்கத்தில் நடப்பவைதாம். "விசுவாசம் மாத்திரம்" என்ற பதாகையின் கீழேயே கிரியைகளின் சந்தை நடக்க முடியும் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வளைவுகளில் நிற்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் செபப் புத்தகத்திலிருந்து வாசிக்க, மற்றவர்கள் சாலையோரச் சரளைக்கற்கள்மீது முழந்தாளிட்டோம். நடக்கும்போது என் மனம் ஆபிரகாமிடம் சென்றுகொண்டிருந்தது. கிரியையில்லாமல் நீதிமானாக எண்ணப்பட்டவன் என்று ரோமர் 4ஆம் அதிகாரத்தில் பவுல் காட்டுவதும் ஆபிரகாமையே. ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் செலுத்தினபோது கிரியைகளினாலே நீதிமானாக்கப்பட்டான் என்று புதிய ஏற்பாட்டு நிருபத்தில் யாக்கோபு காட்டுவதும் அதே ஆபிரகாமையே. இருவரும் மோதுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். லூதரே யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று 1522இல் எழுதியதுண்டு. ஆனால் ஆதியாகமத்தைத் திறந்து பார்த்தால், ஆபிராம் கர்த்தரை விசுவாசித்தது 15ஆம் அதிகாரத்தில். ஈசாக்கைப் பலியிட அழைத்துச் சென்ற மோரியா மலை வருவது 22ஆம் அதிகாரத்தில். இடையில் ஈசாக்கு பிறந்து வளர்ந்து, விறகு சுமக்கும் வயதையும் எட்டிவிட்டான். பவுல் வேரைப் பற்றி எழுதுகிறார், யாக்கோபு கனியைப் பற்றி எழுதுகிறார். கிரியையைக் காட்டி உடன்படிக்கைக்குள் நுழைய முயன்றவர்களுக்குப் பவுல் மறுப்புச் சொன்னார். வஸ்திரமில்லாத சகோதரனைப் பார்த்து "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் வாழ்த்தி அனுப்பியவர்களுக்கு யாக்கோபு மறுப்புச் சொன்னார். கேட்டவர்கள் வேறு, ஆகவே சொல்லும் வேறாயிற்று.

ஒன்பதாம் வளைவைத் தாண்டியிருப்போம். ஓரமாக ஒரு கார் நின்றது. மலைப்பாதையில் தலைசுற்றி, ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள்; கைக்குழந்தையோடு இருந்த அவளுடைய தாய்க்கு எதைப் பிடிப்பது எதை விடுவது என்று தெரியவில்லை. மாமியார் அப்போது செபமாலையின் நடுவில் இருந்தார். மணிகளை அப்படியே கழுத்தில் போட்டுக்கொண்டு, சிறுமியின் நெற்றியை ஒரு கையால் தாங்கி, முந்தானையைத் தண்ணீரில் நனைத்து முகத்தையும் கழுத்தையும் துடைத்தார். பைக்குள்ளிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி, "மோந்துகிட்டே வா கண்ணு, மேல போனா சரியாயிடும்" என்று கையில் கொடுத்தார். அந்தக் குடும்பம் எந்த ஊர், எந்தச் சமயம் என்று அவர் கேட்கவில்லை. கார் நகர்ந்ததும் ஈரமான முந்தானையைப் பிழிந்து உதறிவிட்டு, விட்ட மணியிலிருந்து "அருள் நிறைந்த மரியே" என்று தொடர்ந்தார். பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியபோது, "எந்தப் புள்ள?" என்று ஒருகணம் யோசித்தார்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தை நான் வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். பசியாயிருந்தவருக்குப் போஜனம், தாகமாயிருந்தவருக்குத் தண்ணீர், வியாதியாயிருந்தவரை விசாரித்தல் ஆகியவற்றை வைத்தே அங்கே நியாயத்தீர்ப்பு நடக்கிறது. கிரியையின் பக்கம் நின்று பேசுவோர் இந்தப் பகுதியைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் வலதுபக்கத்தில் நிற்கும் நீதிமான்கள், "ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது?" என்று வியந்து கேட்கிறார்கள். அவர்களுடைய கையில் கணக்குப் புத்தகம் இல்லை. தாங்கள் செய்ததைத் தங்கள் புண்ணியமாக எழுதி வைத்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திராது. லூதரும் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், உயிருள்ள விசுவாசமானது நற்கிரியைகளைச் செய்ய வேண்டுமா என்று கேட்பதில்லை, கேட்பதற்கு முன்பே அவற்றைச் செய்து முடித்திருக்கும் என்கிறார். இந்தக் கூற்றின் பொருளை நான் கண்கூடாகக் கண்டது கத்தோலிக்கப் பெண்மணி ஒருவரிடத்தில் என்பதில் எனக்கு எந்த முரணும் தோன்றவில்லை.

பன்னிரண்டாம் வளைவில், இயேசு சிலுவையில் உயிர்விடும் நிலையில், அவரோடு சிலுவையில் அறையப்பட்டு மனந்திரும்பிய நல்ல கள்ளனை நினைத்துக்கொண்டேன். ஒரு நேர்ச்சையைச் செலுத்தவும் ஒருவனுக்குத் தண்ணீர் கொடுக்கவும் அவனுக்கு நேரமில்லை, கைகால்களும் அசையவில்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு முழுக்க முழுக்கக் கிருபையே. இருந்தும், அசையக்கூடிய ஒரே உறுப்பான நாவினால் அவன் தன் தோழனைக் கடிந்துகொண்டு, குற்றமற்றவருக்காகச் சாட்சி சொன்னான். சில நிமிட விசுவாசமும் சும்மா இருக்கவில்லை.

ஏற்காட்டின் ஒண்டிக்கடையை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. முதல் மழை பெய்து ஓய்ந்திருந்ததால் தோட்டங்களில் காப்பிச் செடிகள் கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூத்திருந்தன. கத்தோலிக்கக் கோவிலில் அனைவரும் நற்கருணைப் பெட்டிக்குமுன் அமைதியாக அமர்ந்தோம். பிறகு மாமியார் தாமாகவே, "உங்க கோயிலுக்கும் போயிட்டு வந்துடலாம்" என்றதால், ஆங்கிலேயர் காலத்துப் பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கும் சென்றோம். நான் எபேசியர் 2ஆம் அதிகாரத்தை வாசித்தேன். அவர் கண்களை மூடிக் கேட்டு "ஆமென்" என்றார்.

நம் மக்களில் பெரும்பாலோருக்குத் தெரிவிக்கப்படாத செய்தி ஒன்று உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை 1547இல் திரிதெந்து சங்கம் என்னும் ஆயர்கள் பேரவையில் வெளியிட்ட நீதிமானாக்கப்படுதல் பற்றிய தீர்மானத்தின் முதல் விதியே, தேவகிருபையில்லாமல் மனிதன் தன் கிரியைகளால் நீதிமானாக முடியும் என்று சொல்பவரைக் கண்டிக்கிறது. 1999ஆம் ஆண்டு அதே அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதே பொருள் குறித்துக் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. நம்முடைய எந்தத் தகுதியினாலுமன்றி, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்றும், பரிசுத்த ஆவியானவர் நம்மை நற்கிரியைகளுக்கு அழைத்துத் தகுதிப்படுத்துகிறார் என்றும் இருதரப்பும் சேர்ந்து அதில் அறிக்கையிட்டன. 2006இல் உலக மெதடிஸ்ட் மன்றமும் 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் இதில் இணைந்தன, சி.எஸ்.ஐ. இவ்விரண்டிலும் உறுப்பினராக உள்ளது. எல்லா வேறுபாடுகளும் தீர்ந்துவிட்டதாக அவ்வறிக்கை சொல்லவில்லை. புனிதர்களிடம் பரிந்துரை வேண்டுவதில் என் மாமியாருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு; அது இருக்கட்டும். ஆனால் கத்தோலிக்கர் கிரியையால் இரட்சிப்பை விலைக்கு வாங்கப் பார்க்கிறவர்கள் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இனி உண்மைக்குப் புறம்பானது. சேலத்தில் பணிசெய்த லண்டன் மிஷனைச் சேர்ந்த லெக்லர் ஐயரும், கிருபையைப் பிரசங்கித்த அதே கையால், தச்சு வேலை முதலியவற்றைக் கற்பிக்கும் தொழிற்பள்ளியை இந்நகரில் நடத்தினார் என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஞாயிறு பள்ளியில் எபேசியர் 2:8, 9 மனப்பாட வசனங்கள். "ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல" என்பதோடு பிள்ளைகள் நிறுத்திவிடுவார்கள். அடுத்த வசனம், "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு, தேவனுடைய செய்கையாயிருக்கிறோம்" என்று தொடர்கிறது. மூன்று வசனங்களையும் ஒரே மூச்சில் ஒப்புவிக்கும்படி பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்று எங்கள் சபை ஆயரவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்; வரும் திடப்படுத்தல் வகுப்பிலிருந்து அப்படியே கற்பிக்கலாம் என்று அவரும் இசைந்திருக்கிறார்.