ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு

பல்கலைக்கழகங்களும் தொழில் நிறுவனங்களும் கைகோக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது, பாடத்திட்டக் குழுவில் நிறுவனத்தின் மூத்த மேலாளர் ஒருவருக்கு இடம் ஒதுக்கப்படுகிறது, அவரும் ஆண்டுக்கு ஒருமுறை வந்து ‘பட்டதாரிகளுக்குப் பேசத் தெரியவில்லை’ என்று குறைப்பட்டுக்கொண்டு போகிறார். இத்தகைய கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது, இதனால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களின் உயர்நிலைத் திறன் இதனால் கூடுவதும் இல்லை என்பதுதான். எந்தத் திறன் குறைகிறது என்று நிறுவனத்தைக் கேட்டால் பொதுப்படையான பதில்தான் வரும். எந்த வேலை அடிக்கடி சிக்கலாகிறது என்று கேட்டால்தான் பாடத்திற்கு உதவும் செய்தி கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். உலோகப் பாகங்களைக் கடைந்தெடுக்கும் தொழிற்சாலை ஒன்றில், பாகங்களின் அளவுகளை வரிசையாகக் குறித்துவரும் தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தில், சராசரியைக் காட்டும் நடுக்கோட்டுக்கு மேலே தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் விழுகின்றன. அது தற்செயல் அன்று என்பது ஷிப்ட் பொறியாளருக்குத் தெரியும். உடனே இயந்திரத்தைத் திருத்துகிறார். அடுத்த ஷிப்டில் புள்ளிகள் கீழே இறங்குகின்றன. அங்கிருப்பவர் திரும்பத் திருத்துகிறார். கோளாறு இயந்திரத்தில்தானா, அல்லது இரண்டு ஷிப்டிலும் அளப்பவர்கள் மைக்ரோமீட்டர் என்ற அளவுகருவியை வெவ்வேறு அழுத்தத்தில் பிடிப்பதிலா என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. பத்துப் பாகங்களை மூன்று பேரிடம் கொடுத்து, ஒவ்வொருவரையும் மும்மூன்று முறை அளக்கச் சொல்லி, வேறுபாடு பாகத்திலிருந்து வருகிறதா அளவையிலிருந்து வருகிறதா என்று பிரித்துப் பார்க்கும் முறை புள்ளியியல் பாடத்தில் இருக்கிறது. வரைபடத்தை நிரப்பத் தெரிவது ஒரு திறன்; வரைபடத்தையே சந்தேகிக்கத் தெரிவது அதற்கு மேற்பட்ட திறன். இந்த இரண்டாவதைத்தான் பல்கலைக்கழகம் கொடுக்க முடியும், ஆனால் அந்தத் தொழிற்சாலையின் உண்மையான அளவுகள் கைக்கு வந்தால்தான் அது உறைக்கும்படி கொடுக்க முடியும்.

இந்த இணைப்பு புதிய யோசனையும் அன்று. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1906ஆம் ஆண்டு ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் 27 மாணவர்களுடன் கூட்டுறவுக் கல்வி முறையைத் தொடங்கினார். மாணவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒருவர் வகுப்பில் இருக்கும் வாரத்தில் மற்றவர் தொழிற்சாலையில் இருக்குமாறு அமைத்ததால், முதலாளியின் பார்வையில் அந்த வேலையிடம் ஒருநாளும் காலியாகக் கிடக்கவில்லை. அவருடைய சாமர்த்தியம் கல்விக் கொள்கையைவிடக் கால அட்டவணையில்தான் இருந்தது என்பேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கியபோதே இம்முறையை ஏற்றுக்கொண்டது. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் 1974இல் முளைத்து, 2009இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற இரட்டைக் கல்வி (வகுப்பும் வேலையிடமும் மாறிமாறி வரும் படிப்பு) அமைப்பில் மாணவரைத் தேர்ந்தெடுப்பதே தொழில் நிறுவனம்தான். ஒப்பந்தம் போட்டு, வகுப்பில் இருக்கும் மாதங்களுக்கும் சேர்த்துச் சம்பளம் தருகிறது. சம்பளம் கொடுப்பவர் பாடத்தில் என்ன நடக்கிறது என்று விசாரிக்காமல் இருக்கமாட்டார்.

இவையெல்லாம் பெரும்பாலும் இளைஞர்களுக்கான ஏற்பாடுகள். பத்துப் பதினைந்து ஆண்டு வேலை பார்த்தவர் மீண்டும் படிக்க வரும்போது பல்கலைக்கழகத்தின் இயந்திரம் திணறுகிறது. செமஸ்டர் தொடங்கும் நாள் அவருடைய நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரமாக இருக்கும். அனுபவத்தில் கற்றதை எத்தனை கிரெடிட்டாக ஏற்பது என்பதற்கு விதி இருக்காது. முழுப் பட்டம் வேண்டாம், ஒரே ஒரு பாடம் போதும் என்றால் அதற்கு விண்ணப்பப் படிவமே இருக்காது. உண்மையில் இணைப்பு முறிவது பெரும்பாலும் இங்கேதான், கொள்கையில் அன்று.

பணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 2015இல் பட்டப்படிப்புடன் கூடிய தொழிற்பழகுநர் திட்டம் வந்தது. 2017 ஏப்ரல் முதல், ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் தாண்டிய தொகையில் 0.5 விழுக்காட்டைத் தொழிற்பழகுநர் வரியாகச் செலுத்துகின்றன. அந்தப் பணத்தை நிறுவனம் தன் ஊழியர்களின் பயிற்சிக்கே பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதால், கட்டியதை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று, வேறு வகையில் எப்படியும் பயிற்சி பெற்றிருக்கக்கூடிய மேலாளர்களையே சில நிறுவனங்கள் அனுப்புகின்றன என்ற விமர்சனமும் கூடவே வந்தது. அது நியாயமான விமர்சனம்தான். பிரான்ஸ் 1981இல் தொடங்கிய ‘சிஃப்ர்’ திட்டம் வேறு வழியில் போகிறது: முனைவர் பட்ட ஆய்வாளரை நிறுவனமே மூன்றாண்டுக்கு வேலைக்கு அமர்த்துகிறது, அரசு நிறுவனத்துக்கு மானியம் தருகிறது, ஆய்வகம் நெறியாளரைத் தருகிறது. ஆய்வுக் கேள்வி எதுவென்று ஆய்வாளரும் நிறுவனமும் ஆய்வகமும் முதலிலேயே உட்கார்ந்து ஒத்துக்கொள்ளாமல் விண்ணப்பமே நகராது என்பதால் எனக்கு இந்த அமைப்பின்மேல் மதிப்பு அதிகம்.

ஆனாலும் பணத்தைவிட அரிதானது வேலையிடத்தில் இருக்கும் வழிகாட்டியின் நேரம். படிக்கும் ஊழியரின் வரைவைப் படித்து, ‘இந்தத் தரவு எங்கிருந்து வந்தது, அதை ஏன் நம்புகிறாய்’ என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். பொதுவாக அந்தப் பொறுப்பு ஏற்கெனவே கழுத்துவரை வேலை உள்ள ஒருவர் தலையில் விழுகிறது, அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் அதற்கென்று ஒரு வரிகூட இருப்பதில்லை. ஒப்பந்தத்தில் வழிகாட்டிக்கு வாரத்திற்கு இத்தனை மணி நேரம் என்று எழுதி, அந்த அளவுக்கு அவருடைய வேலை இலக்கைக் குறைக்கச் சம்மதிக்கிறதா என்று நிறுவனத்தைக் கேட்டால், அதன் அக்கறை எவ்வளவு என்பது அங்கேயே தெரிந்துவிடும். பல்கலைக்கழகத்தின் பக்கத்திலும் அப்படித்தான்: தொழிற்சாலைக்குப் போய்வரும் பேராசிரியரின் அந்த நாட்கள் பதவி உயர்வில் கணக்கில் வருமா என்று கேட்க வேண்டும்.

படித்து முடித்ததும் ஊழியர் வேறு இடத்துக்குப் போய்விடுவார் என்ற அச்சம் எல்லா நிறுவனங்களுக்கும் உண்டு. ஓராண்டு, ஈராண்டு தங்க வேண்டும் என்ற நிபந்தனையில் தவறில்லை. ஐந்தாண்டுப் பத்திரம் எழுதி வாங்கினால், படிக்க ஆசைப்படுபவர்களே முதலில் பின்வாங்குவார்கள். அதற்குப் பதில் படித்ததைப் பயன்படுத்தும் வேலையைப் படிப்பு முடியும் முன்பே ஒதுக்கி வைப்பது நிறுவனத்துக்கும் மலிவு.